ஓட்டுநரும் நடத்துநரும்

கோலியர்ஸ் வுட் ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு பேருந்துப் பணிமனை இருக்கிறது. 1913இல் திறக்கப்பட்டது. மெர்ட்டன் பணிமனை என்று பெயர். லண்டன் பேருந்துகளின் மேல் பித்துக் கொண்டவர்கள் 'ஏ.எல்.' என்ற அதன் குறியீட்டைச் சொல்லித்தான் பேசுவார்கள். பன்னிரண்டு வருடங்களாக இந்த வட்டாரத்தில் குடியிருக்கிறேன். சிவப்புப் பேருந்துகள் அதற்குள் போவதையும் வருவதையும் ஆயிரம் முறையாவது பார்த்திருப்பேன். அந்தக் கட்டடத்துக்கும் என் இதயத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நாற்பது வயதைக் கடந்தவர்களை இங்கிலாந்தில் என்.எச்.எஸ். ஒரு பரிசோதனைக்கு அழைக்கும். 2009இல் தொடங்கிய ஏற்பாடு. 40 முதல் 74 வயதுவரை, ஐந்து வருடங்களுக்கு ஒருமுறை. எனக்கும் கடிதம் வந்தது. செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார், எடை பார்த்தார், கொலஸ்ட்ரால் அளவைக் கணினியில் ஏற்றினார். புகைப்பீர்களா, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அறுபது வயதுக்குள் மாரடைப்பு வந்ததா என்று கேட்டார். அடுத்து, எந்த இனம். 'இந்தியர்' என்ற கட்டத்தில் சொடுக்கினார். கடைசியில் என் போஸ்ட்கோடைக் கேட்டார்.

கடிதம் அனுப்பத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். "இல்லை, இதுவும் கணக்கில் சேரும்" என்றார். பொத்தானை அழுத்தியதும் ஒரு சதவீதம் வந்தது. அடுத்த பத்து வருடங்களில் எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வருவதற்கான வாய்ப்பு அது. மென்பொருள் என் பிழைப்பு. ஒரு நிரல் எதை உள்ளே வாங்கி எதை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பதே அன்றாட வேலை. என் ரத்தத்தில் ஓடும் கொழுப்பும் நான் குடியிருக்கும் தெருவும் ஒரே சமன்பாட்டில் உட்கார்ந்திருந்தது என்னை விடவில்லை. அந்தப் போஸ்ட்கோடு எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்று பின்னோக்கிப் போனேன். போன வழி இந்தப் பேருந்துப் பணிமனைக்கே திரும்பி வந்தது.

அதைத் தேடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி ஒரு அண்ணை இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பத்திரண்டு வயதில் மாரடைப்பு வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வந்தபின் பார்க்கப் போனேன். "தம்பி, என்ர வாய்தான் எனக்கு எமன். புட்டையும் இறைச்சிக் கறியையும் விடேலாமப் போச்சு" என்றார். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்பவரைப் போலத் தலையைக் குனிந்திருந்தார். அவருடைய மனைவி அன்றிலிருந்து வீட்டில் தேங்காய் வாங்குவதை நிறுத்திவிட்டார். அவர் எதையோ தப்பாகச் செய்துவிட்டார் என்பதில் அந்த அறையில் இருந்த யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எனக்கும்தான்.

*

1940களின் இறுதியில் பிரிட்டனில் மாரடைப்பு ஒரு புதிராக இருந்தது. காசநோயும் தொற்றுகளும் கட்டுக்குள் வந்துகொண்டிருந்தன. நடுவயது ஆண்கள் திடீரென நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். மருத்துவர் ஜெர்ரி மோரிஸ் அந்தப் புதிரைக் கையில் எடுத்தார். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் 1910இல் லிவர்பூலில் பிறந்தவர், கிளாஸ்கோவில் வளர்ந்தவர். 1948இல் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய சமூக மருத்துவப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார்.

ஒருவர் செய்யும் வேலைக்கும் அவருடைய இதயத்துக்கும் தொடர்பு இருக்குமோ என்ற கேள்வியோடு அவர் பல தொழில்களைப் பார்த்தார். லண்டன் டிரான்ஸ்போர்ட் அவருக்குக் கிடைத்த பரிசு. இரண்டடுக்குப் பேருந்தில் இரண்டு பேர் வேலை செய்தார்கள். ஒரே வயது, ஒரே வர்க்கம், ஒரே நிறுவனம், ஒரே புகை, ஒரே மழை. ஓட்டுநர் வேலை நேரத்தின் பெரும்பகுதியை உட்கார்ந்தே கழித்தார். நடத்துநர் கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள். நம்மூரில் சென்னை மாநகரப் பேருந்து நடத்துநர் தன் இருக்கையில் சாய்ந்திருக்க, காசு பத்துக் கைகள் மாறி அவரிடம் வந்து சீட்டாகத் திரும்பிப் போகும். லண்டன் நடத்துநருக்கு அந்த வசதி இல்லை. மாடியில் இருப்பவரிடம் இவரேதான் போகவேண்டும்.

1949, 1950ஆம் ஆண்டுகளில், 35 முதல் 64 வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் நோய்ப் பதிவுகள் ஆராயப்பட்டன. 1953இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. ஆண்டுக்கு ஆயிரம் ஓட்டுநர்களில் 2.7 பேருக்கு இதயநோய் வந்திருந்தது. நடத்துநர்களில் 1.9 பேருக்கு. நோய் வந்த நடத்துநர்களுக்கு அது பெரும்பாலும் பிந்திய வயதில் வந்தது, உடனடியாகச் சாவதும் குறைவாக இருந்தது.

லண்டன் நெரிசலில் வண்டி ஓட்டும் பதற்றம்தான் காரணமோ? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க அஞ்சல் துறைக்குப் போனார்கள். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொடுத்த தபால்காரர்களுக்கு, மேசையில் இருந்த எழுத்தர்களையும் தொலைபேசி இயக்குநர்களையும்விட இதயநோய் குறைவு. அங்கே நெரிசலும் இல்லை, ஸ்டீயரிங்கும் இல்லை. அப்படியானால் குண்டானவர்களே ஓட்டுநர் வேலைக்குப் போகிறார்களோ? இந்தக் கேள்விக்காக அவர்கள் நிறுவனம் தைத்துக் கொடுத்த சீருடைகளின் அளவுப் பதிவுகளைத் தேடி எடுத்தார்கள். 1956இல் வந்த அந்தக் கட்டுரையின் தலைப்பே 'சீருடைகளின் நோய்ப்பரவலியல்'. ஓட்டுநர்களின் கால்சட்டை இடுப்பளவு எல்லா வயதிலும் நடத்துநர்களுடையதைவிடப் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் தொடர்ந்து பார்த்தபோது, இடுப்பளவு ஒன்றாக இருந்தவர்களிடையேயும் நடத்துநரின் இதயமே பத்திரமாக இருந்தது.

நம் மெர்ட்டன் பணிமனையும் அப்போது லண்டன் டிரான்ஸ்போர்ட்டுடையதுதான். இங்கே சீருடை மாட்டிக்கொண்டு காலையில் வண்டி எடுத்த மனிதர்கள், தங்களையறியாமல், உடலுழைப்புக்கும் இதயத்துக்குமான உறவை உலகத்துக்கு முதன்முதலில் உறுதியாகக் காட்டிய தொழிலாளர் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது ஒன்று. அந்த நடத்துநர்களில் யாரும் உடற்பயிற்சி செய்யவில்லை. இதயத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று உறுதி எடுக்கவும் இல்லை. அவர்கள் சீட்டுக் கொடுத்தார்கள். ஓட்டுநர்கள் சோம்பேறிகளும் அல்லர். வேலை அவர்களை உட்கார வைத்தது.

*

அதற்குப் பின் நடந்ததுதான் நம் காலத்தின் கதை. மின்தூக்கிகள் வந்தன, கார்கள் பெருகின, தொழிற்சாலைகள் மூடின. உடல் வருத்தும் வேலைகள் குறைந்துகொண்டே வந்தன. மோரிஸும் அதைக் கவனித்தார். 1960களின் இறுதியில் மேசை வேலை பார்க்கும் அரசு ஊழியர்களிடம் போனார். வேலையில் அசைவே இல்லாதவர்கள் ஓய்வு நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார். 1973இல் வந்த முடிவு: ஓய்வு நேரத்தில் வேர்க்க விறுவிறுக்க எதையாவது செய்தவர்களுக்கு இதயநோய் கணிசமாகக் குறைவு. இன்று நாம் கேட்கும் 'தினமும் அரைமணி நேரம் வேகமாக நடங்கள்' என்ற அறிவுரைக்குப் பின்னால் இந்த ஆய்வுகளும் இருக்கின்றன.

அறிவுரை சரியானதே. ஆனால் அதற்குள் ஒரு இடமாற்றம் நடந்துவிட்டது. நடத்துநருக்குப் படிகள் சம்பளத்தோடு வந்தன. இப்போது படிகளை நாம் ஓய்வு நேரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்வு நேரம் எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. விம்பிள்டனில் குடியிருக்கும் வழக்கறிஞர் காலை ஆறு மணிக்குப் பொதுவெளியில் ஓடும்போது, இரவு வேலை முடிந்த ஒருவர் பேருந்தின் மேல்தளத்தில் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கியபடி கோலியர்ஸ் வுட்டில் வந்து இறங்குகிறார். இருவருக்கும் போஸ்ட்கோடின் முதல் பாதி ஒன்றுதான்: எஸ்.டபிள்யூ.19. டென்னிஸ் மைதானமும் எங்கள் பேருந்துப் பணிமனையும் ஒரே எண்ணுக்குள் அடங்கும். மெர்ட்டன் உள்ளாட்சியின் மேற்குப் பாதியும் கிழக்குப் பாதியும் வருமானத்திலும் ஆயுளிலும் வேறுவேறு ஊர்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

*

மோரிஸ் படிகளை எண்ணிய அதே நகரத்தில் 1967இல் வேறொரு ஆய்வு தொடங்கியது. டொனால்ட் ரீட், ஜெஃப்ரி ரோஸ் என்ற இருவர் லண்டன் வைட்ஹால் அலுவலகங்களில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண் அரசு ஊழியர்களைப் பரிசோதித்தார்கள். பிற்பாடு மைக்கேல் மார்மட் அந்தத் தரவுகளை ஆராய்ந்தார்.

அன்றைய பொது நம்பிக்கை, மாரடைப்பு அதிகாரிகளின் நோய் என்பது. பொறுப்பு அதிகம், கவலை அதிகம், விருந்து அதிகம் என்று எண்ணினார்கள். 1978இல் வெளியான முடிவு அதைத் தலைகீழாக்கியது. அலுவலகத்தின் கடைநிலையில், கோப்புத் தூக்கியவர்களும் செய்தி கொண்டுபோனவர்களும் இருந்த பிரிவில், இதயநோயால் இறப்பது உச்சியில் இருந்த நிர்வாகிகளைவிட 3.6 மடங்கு. நடுவில் இருந்தவர்கள் நடுவில். ஏணியின் ஒவ்வொரு படியிலும் மேலே இருப்பவரைவிடக் கீழே இருப்பவருக்கு ஆபத்து கூடுதல். இவர்களில் யாரும் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஓய்வூதியம், இலவச மருத்துவம்.

கீழ்நிலை ஊழியர்கள் அதிகம் புகைத்தார்கள் என்பது உண்மை. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கழித்த பிறகும் இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே இருந்தது. 1985இல் பெண்களையும் சேர்த்து 10,308 பேரோடு தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு அந்த மீதியைத் தேடியது. 1997இல் வந்த ஒரு விடை: தன் வேலையில் தன் கையில் எவ்வளவு இருக்கிறது என்பது. எப்போது எழுந்து போகலாம், எந்த வேலையை முதலில் செய்யலாம், எந்த நாள் விடுப்பு எடுக்கலாம் என்பதில் சொல்லுரிமை இல்லாதவர்களின் இதயம் சீக்கிரம் நோயுற்றது.

நானும் கணினித் திரையின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவன்தான். 2020க்குப் பின் வீட்டிலிருந்தே வேலை. ரயில் நிலையத்துக்கு நடந்த நடையும் போயிற்று. கைப்பேசி காட்டும் காலடிக் கணக்கு சில நாட்களில் ஆயிரத்தைத் தாண்டுவதில்லை. ஆனாலும் மதியம் மூன்று மணிக்குக் கூட்டமில்லையென்றால் எழுந்து வாண்டில் ஆற்றோரம் ஒரு சுற்று நடந்துவிட்டு வருவேன். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. எனக்கும் அண்ணைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டில் பாதி இந்த அனுமதியில் இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

*

மோரிஸ் இன்னொரு காரியத்திலும் பங்கேற்றார். செல்வந்தருக்கும் ஏழைக்கும் இடையே உடல்நலத்தில் ஏன் இவ்வளவு பள்ளம் என்று ஆராய 1977இல் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் டக்ளஸ் பிளாக். உறுப்பினர் மூவரில் ஒருவர் மோரிஸ், இன்னொருவர் சமூகவியலாளர் பீட்டர் டவுன்செண்ட். என்.எச்.எஸ். தொடங்கி முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் பள்ளம் மூடவில்லை, வீடும் வேலையும் வருமானமுமே அதைத் தோண்டுகின்றன என்றது அறிக்கை. அதற்குள் ஆட்சி மாறியிருந்தது. 1980 ஆகஸ்டில், வங்கி விடுமுறைக்குச் சற்று முன்னால், வெறும் 260 பிரதிகள் வெளியிடப்பட்டன. யாரும் படிக்க வேண்டாம் என்று வெளியிட்ட அறிக்கை. அதனாலேயே புகழ்பெற்றது.

டவுன்செண்ட் அதோடு நிற்கவில்லை. ஒரு வட்டாரத்தின் வறுமையை அளக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து நான்கு விவரங்களை எடுத்தார்: வேலையின்மை, சொந்தக் கார் இல்லாமை, சொந்த வீடு இல்லாமை, வீட்டுக்குள் நெரிசல். இதுதான் டவுன்செண்ட் குறியீடு. 2007இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜூலியா ஹிப்பிஸ்லி-காக்ஸ் குழுவினர் 'கியூரிஸ்க்' என்ற இதய ஆபத்துக் கணிப்பானை உருவாக்கினார்கள். அதற்குமுன் பயன்பட்டது அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரின் கணக்கு. வறுமையான பகுதிகளில் வாழ்பவர்களின் ஆபத்தை அது குறைத்துக் காட்டியது. புதிய கணிப்பானில் டவுன்செண்ட் குறியீடு சேர்ந்தது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் வடிவத்தில் இனமும் சேர்ந்தது. செவிலியர் என் போஸ்ட்கோடைத் தட்டியபோது கணினி தேடியது அந்த நான்கு விவரங்களை. பேருந்தில் படி எண்ணிய மருத்துவரும் வறுமையை அளந்த சமூகவியலாளரும் ஒரே மேசையில் உட்கார்ந்து எழுதிய வாதம், கால் நூற்றாண்டு கழித்து ஒரு நிரலின் வரியாக என் முன்னால் வந்து நின்றது.

*

சரி, அந்த மற்றக் கட்டம்? 'இந்தியர்' என்று எனக்கும், 'பிற ஆசியர்' என்று அண்ணைக்கும் விழும் கட்டம்?

நம்மவர்களின் இதயம் பற்றிய ஆரம்பகாலச் சான்றுகளில் ஒன்று சிங்கப்பூரிலிருந்து வந்தது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதியான டி. ஜே. தனராஜும் அவருடைய சகாக்களும் 1950களின் முற்பகுதியில் நடந்த பிரேதப் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்து 1959இல் எழுதினார்கள். ஒரே தீவில் வாழ்ந்த சீனர்களைவிட இந்தியர்கள் இதயத் தமனி நோயால் இறப்பது பல மடங்கு அதிகமாக இருந்தது. சிங்கப்பூர் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஏறத்தாழ மோரிஸ் லண்டனில் எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள்.

பிரிட்டனிலும் அதுவே தெரிந்தது. தெற்காசியர் இதயநோயால் இறப்பது நாட்டின் சராசரியைவிட ஏறத்தாழ நாற்பது, ஐம்பது சதவீதம் கூடுதல். பால் மெக்கீக், பேலா ஷா, மார்மட் மூவரும் லண்டனில் செய்த ஆய்வு 1991இல் வந்தது. தெற்காசியர்களிடம் நீரிழிவு ஐரோப்பியரைவிட நான்கு மடங்குக்கும் மேல். கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்வதில்லை. இது உண்மையான உயிரியல். 2013இல் நைஸ் அமைப்பு தெற்காசியர்களுக்கு எடை எச்சரிக்கைக் கோட்டைத் தாழ்த்தியதும் இதனால்தான். மற்றவர்களுக்கு உடல் நிறை குறியீடு 25இல் சொல்வதை நமக்கு 23இலேயே சொல்ல வேண்டும்.

இந்த உயிரியல் நம் வீடுகளுக்குள் வரும்போது ஒரு தலையெழுத்தாகிவிடுகிறது. 'நமக்கு ஜீனிலேயே இருக்கு' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார்கள். ஜீன் பாதி, வாய் பாதி என்று வழக்கு முடிந்துவிடுகிறது. தெருவையும் வேலையையும் யாரும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

அவற்றை ஏற்றிய ஒரு ஆய்வு 1995இல் 'லான்செட்' இதழில் வந்தது. தீபக் பட்நகரும் சகாக்களும் மேற்கு லண்டனில் குடியேறிய பஞ்சாபியர் 247 பேரைப் பரிசோதித்தார்கள். பிறகு பஞ்சாபுக்குப் போய், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய உடன்பிறந்தார் 117 பேரைப் பரிசோதித்தார்கள். ஒரே தாய் தகப்பன். பரம்பரையாக வரும் ஒருவகைக் கொழுப்புப் புரதம் இரு தரப்பிலும் ஒரே அளவில், ஐரோப்பியரைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனால் எடை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாமே லண்டன்காரர்களிடம் மோசம். ஜீன் ஹீத்ரோவில் இறங்கும்போது மாறுவதில்லை. மற்ற எல்லாம் மாறுகின்றன. ஓட்டுநரையும் நடத்துநரையும் போலத்தான் இந்த அண்ணன் தம்பிகளும். ஒரே குடும்பம், இரண்டு வேறு பேருந்துகள்.

*

அண்ணை 1990களின் தொடக்கத்தில் இங்கே வந்தார். ஊரில் எழுத்தர் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் வந்த பலரைப் போலவே அவருக்கும் கிடைத்தது, அவர் சொல்வதுபோல், 'பெற்றோல் செட்' வேலை. பதினான்கு வருடங்கள், பெரும்பாலும் இரவு. பத்து மணிக்குப் போனால் விடிகாலை ஆறு மணி. நள்ளிரவுக்குப் பின் கதவைப் பூட்டிவிட வேண்டும். வருகிறவர்களுக்குக் கண்ணாடிச் சன்னலின் சிறு திறப்பு வழியே சாமான் கொடுக்க வேண்டும். தனி ஆள். கல்லாவை விட்டு நகர முடியாது. அதிகாலை இரண்டு மணிக்குப் பசித்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பொரித்த உருளைக்கிழங்குப் பொட்டலமும் சாக்லேட்டும் குளிர்பானமும்.

காலை ஏழு மணிக்கு வீடு. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டபின், முந்தின இரவு மனைவி எடுத்துவைத்த புட்டும் கறியும். அதுதான் அவருடைய ஒரே ஒழுங்கான சாப்பாடு. சாப்பிட்டவுடன் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூக்கம். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், வந்த கடனை அடைக்க வேண்டும், தங்கைமாருக்குச் செய்ய வேண்டும். வாரம் ஆறு இரவுகள். அந்தப் பதினான்கு வருடங்களில் அவர் வாண்டில் ஆற்றைப் பார்த்தது இரண்டு தரம்தான் என்றார். அது எங்கள் தெருவிலிருந்து ஏழு நிமிட நடை.

இதைக் கேட்டபோது நான் அந்தப் பேருந்துக்குள் இருந்தேன். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த மனிதர், நகரக் கூடாத வேலை, தன் கையில் எதுவும் இல்லாத நேரம். மோரிஸின் ஓட்டுநரும் மார்மட்டின் கடைநிலை ஊழியரும் ஒரே ஆளாக இருந்தால் அது அண்ணை. அவர் தின்ற புட்டை மட்டும் எல்லோரும் பார்த்தோம். அவர் எத்தனை மணிக்குத் தின்றார், ஏன் அந்த மணிக்குத் தின்றார் என்று கேட்கவில்லை.

ஊரில் இதே புட்டைத் தின்ற இவருடைய தகப்பனார் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தார், சைக்கிள் மிதித்தார், எண்பது கடந்து வாழ்ந்தார். ஒரு தகப்பனாரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் எங்கள் எல்லோருடைய குடும்பங்களிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். உணவு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் அவற்றின் வேலையைச் செய்யும். புகை செய்யும். மாத்திரையை ஒழுங்காகப் போட வேண்டும், பரிசோதனைக்குப் போக வேண்டும். ஆனால் நம் கோயில் மண்டபங்களில் நடக்கும் மருத்துவ முகாம்களில் ஒரு பட்டியல் கொடுக்கிறார்களே, சோற்றைக் குறை, தேங்காயை விடு, நட என்று, அதில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. 'உங்கள் வேலை நேரம் என்ன?' இந்தக் கேள்வியில் தொடங்கினால் முகாமின் பேச்சே வேறாகும். இரவு வேலைக்காரருக்கு என்ன கட்டிக் கொடுக்கலாம், கடை வைத்திருக்கும் நம்மவர்கள் தங்களிடம் வேலை செய்பவருக்கு எழுந்து நடக்க இருபது நிமிடம் கொடுக்க முடியுமா, வேலைப் பட்டியலை இரண்டு வாரம் முன்னால் சொல்ல முடியுமா என்று பேசலாம். இந்த ஊரில் கல்லாவில் நிற்பவரும் தமிழர், கல்லாவுக்குச் சொந்தக்காரரும் பல இடங்களில் தமிழரே. அந்த இருபது நிமிடத்தைக் கொடுக்க யாருடைய சட்டத்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

*

லண்டனில் நடத்துநர்கள் இப்போது இல்லை. 2005 டிசம்பரில் 159ஆம் தடத்தோடு பழைய ரூட்மாஸ்டர் வண்டிகளின் வழக்கமான சேவை முடிந்தது. மோரிஸின் ஒப்பீட்டில் ஒரு பாதி அழிந்துவிட்டது. எஞ்சியிருப்பது ஓட்டுநர் மட்டும். ஒருவகையில் நாம் எல்லோரும் ஓட்டுநர்களாகிவிட்டோம்.

2020 வசந்தத்தில் லண்டன் பேருந்து ஓட்டுநர்கள் பலர் கோவிட்டில் இறந்தார்கள். அவர்களில் பலர் புலம்பெயர்ந்தோர், கறுப்பர், ஆசியர். ஏன் இவ்வளவு சாவு என்று ஆராயும் பொறுப்பு யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் மார்மட் தலைமையிலான சுகாதாரச் சமத்துவ நிறுவனத்திடம் போனது. வைரஸைப் பற்றித் தொடங்கிய விசாரணை, ஓட்டுநர்களின் ரத்த அழுத்தம், வேலை நேரம், அவர்கள் குடியிருக்கும் பகுதிகள் என்று போய் நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன் மோரிஸ் கேட்ட கேள்வியின் தொடர்ச்சிதான் அது. மோரிஸ் அதைப் பார்க்கவில்லை. 2009இல் தொண்ணூற்றொன்பது வயதில் மறைந்தார்.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு மோரிஸும் உண்டு. கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1881இல் தன் பட்டறையை வாண்டில் ஆற்றங்கரைக்கு, மெர்ட்டன் அபேக்குக் கொண்டுவந்தார். செய்பவனுக்கு வேலை நன்மை செய்ய வேண்டும் என்று ஓயாமல் பேசியவர். அண்ணையும் நானும் இப்போது சனிக்கிழமைகளில் அந்த வழியாகத்தான் நடக்கிறோம். இதய மறுவாழ்வு வகுப்பில் நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். இரவு வேலையை விட்டுவிட்டார். மூத்த மகள் சம்பாதிக்கிறாள், அதனால் விட முடிந்தது.

போன வாரம் பேருந்துகளின் கதையை அவருக்குச் சொன்னேன். ஓட்டுநர், நடத்துநர், படிகள், கால்சட்டை அளவு எல்லாம். கால்சட்டைக்குச் சிரித்தார். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அப்ப பிழை என்ர இல்லையெண்டு சொல்லுறீங்களோ?" என்றார்.

"பாதி இல்லை அண்ணை" என்றேன்.

"பாதி போதும்" என்றார். திரும்பி வரும்போது ஹை ஸ்ட்ரீட்டில் பணிமனையிலிருந்து ஒரு பேருந்து வெளியே வந்தது. நாங்கள் நின்று வழிவிட்டோம். கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர், நம் நிறம், என் வயது இருக்கும், ஒரு கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினார்.